கதவைச் சாத்துங்கள்

பூனையை வீட்டுக்குள்ளேயே வைத்து வளருங்கள் என்று சொன்னால் ஈப்போவில் முதலில் சிரிப்பார்கள். அடுத்து, "பாவம்லா, அது என்ன ஜெயில் கைதியா?" என்பார்கள். மூன்றாவதாக யாராவது ஒருவர் தோட்டத்தை இழுத்து வருவார். "எங்க தோட்டத்துல லயத்துக்குப் பத்து பூன திரியும். ஒன்னையும் அடைச்சு வச்சதில்ல. எல்லாம் நல்லாத்தான இருந்துச்சு?" ஜெயிலைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். என் முதல் சண்டை இந்தத் தோட்டத்தோடுதான்.

காரணம், இப்படிச் சொல்பவர்களில் பலர் என் வயதுக்காரர்கள். லயத்தில் ஒரு ராத்திரிகூடத் தூங்கியிராதவர்கள். தாமான் வீட்டில் பிறந்து, உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்து, குளிர்சாதன அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள். கதை, கவிதை எழுதுகிறவராக இருந்துவிட்டால் இன்னும் மோசம். தோட்டத்தை நினைவுகூர நம்மிடம் ஒரு பொட்டலம் தயாராக இருக்கிறது. ஒரு பால்மரம், ஒரு மங்கு, ஒரு கள்ளுக்கடை, லயத்துப் படிக்கட்டில் ஒரு பூனை. அந்தப் பூனை எப்போதும் சுதந்திரமாக இருக்கும். தாத்தா பாட்டிக்குக் கிடைக்காத சுதந்திரத்தையெல்லாம் அதன் தலையில் கட்டிவிட்டிருக்கிறோம். இப்போது அதே பொட்டலத்தைப் பிரித்து, தாமான் வீட்டுப் பூனையை ராத்திரி பத்து மணிக்கு ரோட்டில் விடுவதற்கு நியாயமாக நீட்டுகிறார்கள்.

லயத்துப் பூனைக்கு ஒரு வேலை இருந்தது. அரிசி மூட்டையை எலியிடமிருந்து காப்பது. அதற்குக் கூலியாக மீன் தலை, மிச்சச் சோறு. யாருடைய பூனை என்ற கேள்விக்கு லயத்தில் பெரிய அர்த்தம் இல்லை. எந்த வீட்டில் கருவாடு பொரிகிறதோ அந்த வீட்டுப் பூனை. முன்னால் மண் தரை, பின்னால் காய்கறித் தோட்டம், அதற்கப்பால் பால்மரக்காடு. வாகனம் என்று பார்த்தால் துரையின் கார், பால் ஏற்றும் லோரி, சில சைக்கிள்கள். பூனை அடிபடுவதற்கே ஒரு தற்செயல் வேண்டும். இதுவரை நினைவு சரியாகத்தான் இருக்கிறது.

ஆனால் பத்துப் பூனை எப்படிப் பத்தாகவே இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஒரு பெட்டைப் பூனை ஆறு மாதத்துக்குள் பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் ஒன்பது வாரம்தான். வருடத்துக்கு இரண்டு மூன்று ஈத்து, ஈத்துக்கு நாலு குட்டி. கருத்தடை என்ற பேச்சே இல்லாத இடத்தில் கணக்குப்படி ஐந்தே வருடத்தில் லயம் முழுக்கப் பூனையாக நிறைந்திருக்க வேண்டும். நிறையவில்லை. ஏன் என்று சுங்கை சிப்புட் பக்கம் பால் வெட்டிய என் பாட்டியிடம் கேட்டிருக்கிறேன். "குட்டிய கோணியில கட்டி ஆத்துல விட்டுருவாங்க. வேற என்னா செய்றது" என்றார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. சம்பளநாள் எப்போது என்று சொல்வதுபோல் சொன்னார். மிச்சத்தை நாயும் மலைப்பாம்பும் பார்த்துக்கொண்டன. இந்தக் கோணிப்பை எந்தக் கதையிலும் வந்து நான் படித்ததில்லை.

இரண்டாம் உலகப்போரின்போது ஆபிரகாம் வால்ட் என்ற புள்ளியியலாளர் சொன்னது பொறியியல் மாணவர்களுக்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படும். திரும்பி வந்த விமானங்களில் எங்கே குண்டுத் துளை இருக்கிறது என்று பார்த்து அங்கே கவசம் போடாதே, திரும்பி வராத விமானம் எங்கே அடிபட்டிருக்கும் என்று யோசி என்றார் அவர். 'எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு' என்பது திரும்பி வந்த விமானங்களை மட்டும் எண்ணிச் சொல்லும் கணக்கு.

சரி, நினைவை விட்டுவிட்டு இன்றைய தோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். பால்மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை போட்டாகிவிட்டது. செம்பனைக்கு எலி பெரிய எதிரி. பழக்குலையைக் கொறித்துத் தின்னும். நிர்வாகம் அதற்குப் பூனையைக் கூப்பிடுவதில்லை. மரத்தடியில் மெழுகுக் கட்டிபோல் எலி விஷம் வைக்கிறார்கள். ரத்தம் உறையாமல் செய்யும் ரகம் அது. தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் தள்ளாடித் திரியும். அப்படித் தள்ளாடும் எலியைப் பிடிப்பதுதான் பூனைக்கு எளிது. விஷம் பூனையின் வயிற்றுக்குள் போகும். இன்னொரு பக்கம், கம்பத்தின் மேல் மரப்பெட்டி அடித்துக் கூகை வளர்க்கிறார்கள். பத்து காஜாவுக்கோ சிம்மோருக்கோ போகிற வழியில் கண்ணைத் திறந்து பார்த்தால் அந்தப் பெட்டிகள் தெரியும். இது போக, செம்பனைக் காட்டுக்கென்று ஏற்கெனவே ஒரு பூனையும் உண்டு. மலாயில் 'கூச்சிங் பத்து' என்கிற சிறுத்தைப்பூனை. இந்த மண்ணிலேயே பிறந்தது, சட்டப் பாதுகாப்பு உள்ளது, எலி பிடிப்பதில் கெட்டிக்காரன். நம் வீட்டுப் பூனை அதன் எல்லைக்குள் போய்ச் செய்யக்கூடியது ஒன்றுதான்: தன் நோயை அதற்குக் கொடுப்பது. ஆக, தோட்டமே பூனைக்கு எப்போதோ வேலைநீக்கக் கடிதம் கொடுத்துவிட்டது. நாம்தான் இன்னும் அதைப் பிரட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

மனிதர்கள் போன கதை எல்லாருக்கும் தெரியும். ஐம்பதுகளின் கடைசியில் தொடங்கிய துண்டாடல், அதைத் தடுக்க 1960இல் சுங்கை சிப்புட்காரரான சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது, அதையும் மீறித் தோட்டங்கள் கைமாறியது, பிறகு வீடமைப்புத் திட்டங்கள், மலிவு விலை அடுக்குமாடி, புறநகரில் வரிசை வீடு. சட்டி பானையோடு பூனையும் அட்டைப்பெட்டியில் வந்தது. வந்த இடம் இருபதுக்கு அறுபது அடி. இரண்டு பக்கமும் ஒட்டிய சுவர். வாசலைத் தாண்டினால் ரோடு, ரோட்டில் மைவி, மைவிக்குப் பின்னால் உணவு கொண்டுபோகும் மோட்டார். பின் சந்தில் குப்பைத் தொட்டி, அதைச் சுற்றி ஏற்கெனவே நாலு தெருப் பூனை. லயத்தில் இருந்த பழக்கம் அப்படியே இருக்கிறது. அந்தப் பழக்கத்தைத் தாங்கிய இடம் காணாமல் போய்விட்டது.

"எங்க பூன ரோட்டப் பாத்துத்தான் தாண்டும், ரொம்ப அறிவு" என்பார்கள். தாண்டட்டும். ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். ஒரு நாளில் உயிரோடு வீடு திரும்புவதற்கான வாய்ப்பு 99.9 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஆயிரத்தில் ஒன்றுதான் ஆபத்து. கேட்க எவ்வளவு பத்திரமாக இருக்கிறது. இதையே மூன்று வருடம், அதாவது 1,095 நாள் தொடர்ந்தால்? 0.999ஐ 1,095 முறை பெருக்குங்கள், கைப்பேசியிலேயே போடலாம். விடை ஏறக்குறைய 0.33. மூன்றில் ஒரு பூனைதான் மிஞ்சும். தொழிற்சாலையில் இப்படி ஒரு இயந்திரத்தை நான் வடிவமைத்துக் கொடுத்தால் என்னைக் காவலாளி வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார். பூனைக்கு மட்டும் இதை 'இயற்கை' என்கிறோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது கார் வைத்திருக்கும் எல்லாருக்கும். மழை நாளில் அப்போதுதான் நிறுத்திய காரின் எஞ்சினடியில் சூடு இருக்கும். பூனை கீழே நுழைந்து மேலே ஏறிப் பெல்ட்டுக்கும் விசிறிக்கும் பக்கத்தில் சுருண்டுகொள்ளும். காலையில் சாவியைத் திருகுமுன் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டுங்கள்.

அடுத்தது நோய். சண்டைபோட்டுக் கடிபட்டு வரும் பூனைக்குச் சீழ்க்கட்டி, பூனை எய்ட்ஸ் என்று சொல்கிற வைரஸ், இவை எந்த ஊரிலும் உண்டு. நம் நாட்டில் கூடுதலாக ஸ்போரோட்ரிக்கோசிஸ் இருக்கிறது. மண்ணிலும் மரத்திலும் வாழும் ஒரு பூஞ்சை. வெளியே திரியும் பூனையின் மூக்கிலும் பாதத்திலும் ஆறாத புண்ணாக வரும். அந்தப் பூனை பிராண்டினால் மனிதனுக்கும் தொற்றும்; விரலில் ஒரு கட்டி, பிறகு முழங்கைவரை வரிசையாகக் கட்டிகள். மலேசியக் கால்நடை மருத்துவர்களும் தோல் மருத்துவர்களும் பல வருடங்களாக இதைப் பதிவு செய்து வருகிறார்கள். மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டும். பூனைக்கு மருந்து கொடுக்க முயன்று பார்த்தவர்களுக்கு, மாதக்கணக்கு என்றால் என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் பூனைக்கு. பக்கத்து வீட்டுக்காரர்?

இங்கேதான் நம் ஊரின் விசேஷம் வருகிறது. ஈப்போவில் நாய் வளர்க்க மாநகர் மன்றத்தில் உரிமம் எடுக்க வேண்டும். நாய் கேட்டைத் தாண்டி ஓடினால் புகார், பிடிக்கிற லோரி, அபராதம். பூனைக்கு உரிமம் கிடையாது, எல்லை கிடையாது, உடைமையாளர் யாரென்ற கேள்வியும் கிடையாது. நாய் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது வருடக்கணக்கான மனக்குறை. "எங்க நாயி உள்ள கெடக்குது, அவங்க பூன எங்க துளசி மாடத்துல போயிட்டுப் போவுது" என்பதைக் கேட்காத தாமான் உண்டா? அந்தப் பக்கத்திலிருந்து நாய் குரைப்பதைப் பற்றி அதே அளவு குறை. தாமான் புலனக் குழுவில் இது இரண்டே செய்தியில் 'அவங்க, நம்ம' என்று இனச் சண்டையாகத் திரும்புவதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறேன். தொடக்கம் ஒரு துளசிச் செடி. கறிவேப்பிலைத் தொட்டியில் பூனை மலம் கழித்ததற்குப் பூனை பொறுப்பாக முடியாது. கதவைத் திறந்து விட்டவர்தான் பொறுப்பு. அவர் மலாய்க்காரராக இருந்தாலும் சரி, சீனராக இருந்தாலும் சரி, நாயை மட்டும் குறை சொல்லிக்கொண்டே மூன்று பூனையை வெளியே விடும் நம்மாளாக இருந்தாலும் சரி. நாய்க்கு உள்ள கடமை பூனைக்கும் வேண்டும் என்று மாநகர் மன்றத்திடம் கேட்பது எனக்கு நியாயமாகவே படுகிறது. கேட்கும் முன் நம் வீட்டுக் கதவு சாத்தியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எல்லாரும் குறை சொல்வதோடு நிற்பதில்லை. 2018 செப்டம்பரில் கோம்பாக்கில் ஒரு தானியங்கிச் சலவைக்கடையில் ஒதுங்கியிருந்த சினைப்பூனையைப் பிடித்து, துணி உலர்த்தும் இயந்திரத்துக்குள் போட்டு ஓடவிட்டார்கள். மறைகாணியில் எல்லாம் பதிவாகி நாடே பார்த்தது. குற்றவாளிகளாகச் சிறைத்தண்டனை பெற்றவர்கள் தமிழர்கள். 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டப்படி கொடுமைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை. சட்டம் பலமாகத்தான் இருக்கிறது. அது பூனை செத்த பிறகு வருகிறது. நம் பூனையை வெளியே விடும் ஒவ்வொரு இரவும், அந்தச் சடக்கில் நடமாடும் முகம் தெரியாத எல்லாரும் நல்லவர்கள் என்று நம்பித்தான் விடுகிறோம். நம் பிள்ளைகளை அப்படி நம்பி விடுவோமா?

அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு உடைமையாளரின் கடமையைச் சொல்கிறது. விலங்கு தன் இயல்பான நடத்தையை வெளிப்படுத்த வழி செய்ய வேண்டும் என்கிறது. வலி, காயம், நோயிலிருந்து பாதுகாக்க வேண்டும் என்றும் சொல்கிறது. வெளியே விடுகிறவர் முதல் வரியைப் பிடித்துக்கொள்கிறார், நான் இரண்டாவதை. உலகமும் இப்படித்தான் பிரிந்து கிடக்கிறது. பிரிட்டனில் கதவில் பூனைக்கென்று தனி ஓட்டை வைத்து வெளியே விடுவது சாதாரணம். பூனையால் நாடளவில் பறவைத் தொகை குறைகிறது என்பதற்குத் தெளிவான சான்று இல்லை என்று அங்கே பறவைப் பாதுகாப்புச் சங்கமே சொல்கிறது. ஆஸ்திரேலியாவில் நேர் எதிர். அங்கே வெளியே திரிந்து வேட்டையாடும் ஒரு வளர்ப்புப் பூனை வருடத்துக்குச் சராசரியாக 186 பறவை, பல்லி, சிறு விலங்குகளைக் கொல்வதாக 2020இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். கான்பெரா வட்டாரத்தில் 2022 ஜூலை 1க்குப் பிறகு பிறந்த பூனையை வளாகத்தைவிட்டு வெளியே விடக் கூடாது. அதே வருடம் ஜெர்மனியில் வால்டோர்ஃப் என்ற சிற்றூரில், தரையில் கூடு கட்டும் கொண்டை வானம்பாடியைக் காப்பாற்ற ஏப்ரல் முதல் ஆகஸ்டுவரை பூனைகளுக்கு ஊரடங்கு போட்டார்கள். நாம் எந்த ஊரைப்போல? பிரிட்டனைப்போல இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

பூனை வேட்டையாடும் என்பது நமக்கு யாரும் வெளிநாட்டிலிருந்து வந்து சொல்லித்தர வேண்டிய செய்தியும் அல்ல. குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியாரின் பாடல் ஒன்றில், மாலையில் வேலியோரம் வெருகு வந்ததைக் கண்டு வீட்டுக்கோழி பதறித் தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கும். இரண்டாயிரம் வருடம் முந்திய கோழிக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வெருகாவது காட்டிலேயே பிறந்தது. மேற்காசிய, வட ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையின் வழிவந்த நம் வீட்டுப் பூனை, கிந்தாப் பள்ளத்தாக்குக்குக் கப்பலில் வந்த விருந்தாளி. வேளைக்குச் சோறு தின்றுவிட்டு விளையாட்டுக்காக முராய்க் குஞ்சைக் கவ்விவரும் விருந்தாளி.

"குருவியப் பத்தி பேசுறீங்களே, மலையவே ஒடைக்கிறானுங்க, அதக் கேளுங்க" என்று ஒரு பதில் வரும். நல்ல பதில்தான். சிம்மோர் பக்கத்துக் கந்தான் மலையைச் சிமெண்டுக்காக வெட்டுகிறார்கள். அந்த மலையின் பெயரையே தாங்கிய ஒரு சிலந்தி இருக்கிறது. 2014இல்தான் அறிவியல் பெயர் பெற்ற ஒரு பல்லியும் இருக்கிறது. கல்லுடைப்பு செய்யும் அழிவோடு ஒப்பிட்டால் என் தெருப் பூனைகள் ஒன்றுமே இல்லை. ஒத்துக்கொள்கிறேன். கல்லுடைப்பை நிறுத்தச் சொல்லும் மனுவில் கையெழுத்தும் போடுவேன். அதற்கு மாநில அரசு மனம் வைக்க வேண்டும். என் வீட்டுக் கதவுக்கு யார் மனம் வைக்க வேண்டும்? பெரிய தப்பு நடக்கிறது என்பதால் சின்னத் தப்பைச் செய்ய உரிமம் கிடைத்துவிடாது.

இப்போது ஜெயில். எதிர்த்தரப்பின் பலமான வாதம் இதுதான், இதைச் சிரித்துத் தள்ள நான் தயாராக இல்லை. உள்ளே கிடக்கும் பூனை கொழுக்கும், சலிப்பில் தன் மயிரையே நக்கி வழுக்கையாக்கும், ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைப்பு வரும். எல்லாம் உண்மை. அதைவிடக் கேவலம், அடுக்குமாடிகளில் பார்க்கிறோமே, இரண்டடிக் கம்பிக்கூண்டு. அதற்குள்ளேயே சோறு, அதற்குள்ளேயே மணல் தட்டு. கூண்டுதான் வழி என்றால் நானும் வெளியே விடும் கட்சிக்கே வந்துவிடுவேன். நான் கேட்பது கூண்டு அல்ல, வீடு. பூனைக்குத் தரைப்பரப்பைவிட உயரம் முக்கியம். சுவரில் நாலு பலகை ஏணிபோல அடித்தால் அறை இரண்டு மடங்காகிவிடும். வெளியே பார்க்க ஒரு ஜன்னல். காலையும் மாலையும் கால்மணி நேரம் கயிற்றையோ துடைப்பக் குச்சியையோ ஆட்டி ஓடவிட வேண்டும். எத்தனை பூனையோ அதற்கு ஒன்று அதிகமாக மணல் தட்டு. முதலில் கருத்தடை, அது இல்லாமல் மற்றதெல்லாம் வீண், கிடாப்பூனை கதவையே உடைக்கப் பார்க்கும். இவ்வளவு நேரம் நமக்கு இல்லை என்றால் உண்மையான பிரச்சினை அதுதான். பூனையோடு செலவழிக்க நேரமில்லாதவர் அதை வெளியே விட்டுவிட்டு அதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைக்கிறார்.

இது காசுள்ளவர்களின் பேச்சு என்றும் சொல்வார்கள். புந்தோங்கிலும் மலிவு விலை வீடுகளிலும் ஐந்தாறு பூனைக்குச் சோறு போடும் அம்மாக்களை எனக்குத் தெரியும். அவர்களை நான் குறை சொல்லவில்லை. பாசாரில் பெட்டியோடு யாரோ விட்டுப்போன குட்டிகளைத்தான் அவர்கள் வளர்க்கிறார்கள். அப்படி விட்டுப்போனவர்தான் என் எதிரி. மீன் வெட்டும் இடத்தில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு காரை எடுத்துக்கொண்டு போகிறாரே, அவர். பாட்டி காலத்துக் கோணிப்பைக்கும் இந்த அட்டைப்பெட்டிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. கோணியில் கட்டியவர் குறைந்தபட்சம் தான் செய்வது என்ன என்று தெரிந்து செய்தார்.

தடை போட்டால் தீருமா என்று கேட்டால், அதுவும் இல்லை. சிங்கப்பூரில் 1989 முதல் அரசாங்க அடுக்குமாடியில் பூனையே கூடாது என்று சட்டம் இருந்தது. மக்கள் திருட்டுத்தனமாக வளர்த்தார்கள். 35 வருடம் கழித்து, 2024 செப்டம்பரில் சட்டத்தை மாற்றி வீட்டுக்கு இரண்டு பூனை, மைக்ரோசிப், உரிமம் என்று ஒழுங்குபடுத்தினார்கள். நம்மூரில் அந்த அளவுக்கு வர எத்தனை தேர்தல் ஆகுமோ தெரியாது. அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

வரிசை வீட்டில் பின்பக்க டாப்பூரும் துணி காயப்போடும் இடமும் மூன்று பக்கம் சுவராகத்தான் இருக்கும். திறந்திருக்கும் மேல்பக்கத்துக்குக் கம்பிவலை போதும், இரும்புக் கடையில் சுருளாகக் கிடைக்கும். கண்ணி சின்னதாகப் பார்த்து வாங்குங்கள். குட்டியின் தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். பிளாஸ்டிக் வலை வேண்டாம், ஒரு வருட வெயிலில் நொறுங்கிவிடும். பத்தடிக்கு மேல் அகலம் என்றால் நடுவில் ஒரு சட்டம் கொடுங்கள், இல்லாவிட்டால் தொய்யும். அடுக்குமாடி என்றால் ஜன்னல் கம்பியின் உட்பக்கம் அதே வலையைக் கட்டிவிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. கால் ஒடிந்த ஒரு பூனைக்கு ஆகும் மருத்துவச் செலவில் எத்தனை வீட்டுக்கு வலை அடிக்கலாம் என்று கிளினிக்கில் விலை கேட்டுவிட்டுக் கணக்குப் பாருங்கள்.

ஏற்கெனவே ஊர் சுற்றிப் பழகிய பூனையை ஒரே நாளில் பூட்ட வேண்டாம். இரவிலிருந்து தொடங்குங்கள். மாலை ஏழு மணிக்கு வீட்டுக்குள் மட்டும் சோறு வைத்து, அது தின்றுகொண்டிருக்கும்போது கதவைச் சாத்துங்கள். முதல் வாரம் விடிய விடியக் கத்தும். பக்கத்து வீட்டில் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது.